கையேற்பு நிறுத்திவைப்பு: ஒரு சொல் முன்மொழிவு

அன்புடையீர், வணக்கம்.

ஈடு வைத்த வீட்டை வங்கி எடுத்துக்கொள்வதை, அதே வங்கியின்மீது கடனாளி தொடுத்த இழப்பீட்டு வழக்கு முடியும்வரை நீதிமன்றம் நிறுத்திவைக்கும் ஆணைக்குத் தமிழில் என்ன சொல்வது என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். மறுமொழிகளில் 'மீட்புத் தடை', 'மறுகையகத் தடையாணை', 'ஜப்தி நிறுத்தம்' ஆகிய மூன்றும் மிஞ்சின. காரைக்குடியில் என் மேசைமேல் மொழிபெயர்ப்புக்காகக் கிடக்கும் மனுவில் மூன்றையும் பொருத்திப் பார்த்தேன். மூன்றும் இடறுகின்றன.

'மீட்பு' என்பதை முதலில் விலக்க வேண்டும். அடமானத்தைப் பொறுத்தவரை மீட்பவர் கடனாளியே. 1882-ஆம் ஆண்டின் சொத்துரிமை மாற்றுச் சட்டம் 60-ஆம் பிரிவில் அவருக்குத் தரும் உரிமைக்கு 'மீட்புரிமை' என்றே பெயர் நிலைத்துவிட்டது. அடகுக் கடையில் நகையை வாங்கி வருபவர் 'திருப்பிவிட்டேன்' என்கிறார். கடைக்காரர் ஒருநாளும் எதையும் திருப்புவதில்லை. அந்தச் சொல்லை எடுத்து வங்கியின் கையில் கொடுத்தால், 'மீட்புத் தடை' என்பது கடனாளி தன் வீட்டைத் திருப்ப முடியாதபடி போட்ட தடை என்று படிக்கப்படும்.

'மறுகையகம்' 'ரீபொசெஷன்' என்ற ஆங்கிலச் சொல்லின் 'ரீ' என்ற முன்னொட்டைக் கண்டு மயங்கியதால் பிறந்தது. வங்கி அந்த வீட்டில் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. இல்லாத முதல் முறைக்கு ஏது மறுமுறை? தவிர, 'கையகப்படுத்தல்' என்றவுடன் நம் ஊரில் எவருக்கும் நான்குவழிச் சாலைக்கு நிலம் எடுத்த கதைதான் நினைவுக்கு வரும். 'ஜப்தி' முற்றிலும் வேறு பொருள். ஜப்தியான சொத்தை உரியவர் விற்க முடியாதே தவிர, அதில் குடியிருக்கலாம்.

'தடை' என்ற பின்பாதியில்தான் பெரிய சிக்கல். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன், அடையாளங்களை மாற்றியிருக்கிறேன். காரைக்குடிக்கு அருகே ஓர் ஊரில், பங்காளிகள் ஐவருக்கும் பொதுவான வளவு வீட்டில், ஒருவருடைய பங்கு வங்கியில் ஈடாக இருந்தது. அறிவிப்பை ஒட்ட வந்தவர்கள் முதலில் தேக்கு நிலைக்கதவில் முயன்றார்கள். செதுக்கு வேலைப்பாட்டின் மேட்டிலும் பள்ளத்திலும் பசை பிடிக்காமல் தாள் நழுவவே, முகப்புத் தூணில் ஒட்டிப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார்கள். தலைப்பு 'சுவாதீன அறிவிப்பு', அதாவது சொத்தை வங்கி தன் வசம் எடுத்துக்கொண்டது என்ற அறிவிப்பு. "வீடு போயிருச்சா தம்பி?" என்று அந்தப் பங்குக்காரர் வீட்டு ஆச்சி என்னைக் கேட்டார். போகவில்லை, அது பெயரளவில் எடுத்த சுவாதீனம், சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. சில வாரம் கழித்து அவருடைய மகன் மதுரையிலிருந்து வந்து, "ஸ்டே வாங்கியாச்சு, இனிமே வட்டி ஓடாதுல்ல?" என்றார். வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆணையிலேயே நிலுவையில் ஒரு பகுதியைக் குறித்த நாளுக்குள் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஆனால் 'தடை' என்ற சொல்லைக் கேட்டபின் யாரும் அடுத்த வரியைப் படிப்பதில்லை.

செய்தித்தாள்கள் ஸ்டேயையும் இஞ்சங்ஷனையும் 'தடை' என்ற ஒரே பையில் போடுகின்றன. நம் நீதிமன்றத் தமிழ் அப்படிப் போடவில்லை. பின்னதற்கு 'உறுத்துக்கட்டளை' என்ற சொல் பிராதுகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அது ஓர் ஆளைக் கட்டுப்படுத்துவது. முன்னது ஒரு நடவடிக்கையை இருந்த இடத்திலேயே நிற்கச் செய்வது. அதை மீண்டும் நகர்த்தவும் முடியும். 'தண்டனையை நிறுத்திவைத்தது' என்று நாள்தோறும் எழுதுகிறோம். கேட்பவர் எவரும் தண்டனை ரத்தாகிவிட்டது என்று எண்ணுவதில்லை. ஆகவே பின்பாதி 'நிறுத்திவைப்பு' என்பதில் எனக்கு ஐயமில்லை.

இந்த வேறுபாட்டைச் சட்டமும் கேட்கிறது. இங்கிலாந்தில், கடனாளிக்கு வங்கியின்மீது இழப்பீட்டுக் கோரிக்கை இருக்கிறது என்பதாலேயே அடமானம் பெற்றவரின் சுவாதீன உரிமை நின்றுவிடுவதில்லை. பத்திரத்தின் மை உலருமுன்னரே அவர் உள்ளே வரலாம் என்று 1957-இல் ஒரு நீதிபதி எழுதியது இன்றும் மேற்கோளாகிறது. குடியிருப்பு வீடாக இருந்து, நியாயமான காலத்துக்குள் நிலுவை கட்டப்படும் வாய்ப்பும் இருந்தால் மட்டும், 1970-ஆம் ஆண்டின் நீதி நிர்வாகச் சட்டம் 36-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் ஒத்திவைக்கலாம், நிறுத்திவைக்கலாம். இழப்பீட்டு வழக்கு அங்கே உதவுவது, அதில் வரப்போகும் பணம் நிலுவையை அடைக்கும் என்று காட்டும் அளவுக்குத்தான்.

நம்மிடம், ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமலே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம் இருக்கிறது. 60 நாள் அறிவிப்பு, பிறகு சுவாதீனம், அதை எதிர்த்து 45 நாளுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் விண்ணப்பம். சிவகங்கை மாவட்டத்தாருக்கு அது மதுரையில். (அந்தத் தீர்ப்பாயத்தின் பெயரிலேயே 'மீட்பு' வங்கியின் பக்கம் உட்கார்ந்திருப்பதை அறிவேன், ஆனால் அங்கே மீட்கப்படுவது கடன்.) 34-ஆம் பிரிவு உரிமையியல் நீதிமன்றத்தின் உறுத்துக்கட்டளையை விலக்குகிறது. ஆனால் வங்கியின்மீது கடனாளி தனியே வழக்குத் தொடுக்க உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு மூடப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. மேற்சொன்ன வீட்டில் அதுதான் நடந்தது: வங்கி மூலப்பத்திரத்தைத் தொலைத்ததால் விற்பனை கெட்டது என்று இழப்பீட்டு வழக்கு ஓரிடத்தில், சுவாதீனம் குறித்த விண்ணப்பம் இன்னோரிடத்தில். இரண்டையும் முடிச்சுப் போடும் ஆணைக்கு 'உறுத்துக்கட்டளை' என்று எழுதினால், 34-ஆம் பிரிவைக் காட்டி எதிர்த்தரப்பு வழக்கறிஞர் மனுவையே தள்ளச் சொல்வார். மொழிபெயர்ப்பாளனுக்கு இது அழகுப் பிரச்சினை அல்ல.

இனி முன்பாதி. 'சுவாதீனம்' வழக்கில் இருக்கிறது, ஆனால் ஆச்சியைப் போன்றவர்களுக்கு அது எடுப்பதா, இருப்பதா என்று விளங்குவதில்லை. 'உடைமை' என்றால் சொந்தம் என்றாகிவிடும். 'கைப்பற்றல்' காவல் நிலையச் சொல். பர்மாவில் லேவாதேவி செய்த என் பாட்டனார் 'கைக்கு வந்த நிலம்' என்பார். 1930-இல் கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களின் நிலத்தில் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் பங்கு, நெல் விலை வீழ்ந்து கடன்கள் திரும்பாமல் நின்றதால், 1938-இல் 25 விழுக்காடானது. வட்டியை எதிர்பார்த்திருந்தவர்களிடம் வயல் வந்து சேர்ந்தது. 'வாங்கினோம்' என்றோ 'பிடுங்கினோம்' என்றோ அவர் சொல்லிக் கேட்டதில்லை. கைக்கு வந்தது, அவ்வளவுதான். கடன் கொடுத்தவரின் சொல் என்பதால் அதில் சற்று நழுவலும் உண்டு. ஆனாலும் அந்தக் 'கை' எனக்கு வழி காட்டியது. 'கையளிப்பு' என்ற சொல் நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதன் மறுபக்கம் 'கையேற்பு'. எனவே என் முன்மொழிவு 'கையேற்பு நிறுத்திவைப்பு'.

ஏற்பு என்றால் கொடுத்ததை வாங்கிக்கொள்வதுபோல் இணக்கமாக ஒலிக்கிறது என்பார்கள். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மனுவில் இரு தரப்பாரும் பயன்படுத்த வேண்டிய சொல் யார் பக்கமும் சாயாமல் இருப்பதே நல்லது. 'பிடுங்கல்' என்று எழுத ஆசை இருந்தாலும் நீதிமன்றம் அதை ஏற்காது. 'ஈட்டு நிறுத்தம்' என்று சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். நட்டஈடு, இழப்பீடு இரண்டிலும் அதே ஈடு ஒளிந்திருப்பதால், நிற்பது அடமானமா, இழப்பீட்டு வழக்கா என்று தெரியாமல் போகும். அடமானம் தொடர்பான எந்தச் சொல்லிலும் 'ஈடு' தனித்து நிற்காதிருப்பது நலம்.

வாக்கியத்தில் இப்படி வரும்: 'இழப்பீட்டு வழக்கின் முடிவுவரை கையேற்பு நிறுத்திவைக்கப்படுகிறது, வட்டி தொடரும்.' முதல் முறை வருமிடத்தில் மட்டும் 'கையேற்பு, அதாவது சுவாதீனம் எடுத்தல்' என்று எழுத உத்தேசம். தூணில் தாள் ஒட்டுவதோடு நிற்கும் அந்தப் பெயரளவு நடவடிக்கைக்கு 'குறியீட்டுக் கையேற்பு' பொருந்துமா, சாவி கைமாறாதபோது 'கை' என்ற சொல்லே அங்கே தகுமா என்பதில் மட்டும் எனக்குத் தெளிவில்லை. மனு வரும் புதன்கிழமை மதுரைக்குப் போகவேண்டும். செவ்வாய் மாலைக்குள் எழுதினால் உதவியாக இருக்கும்.