மாண்டலேயில் வாரம் முழுக்க 42 டிகிரி: தட்டோனிலிருந்து அம்மா வருகிறார், என்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

தட்டோன்காரன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். வேலை மாற்றலாகி நடு பர்மாவில் இருக்கும் மாண்டலே வந்து சில மாதங்கள் ஆகின்றன. பங்குனிக் கடைசியில் அம்மா, கீழ் பர்மாவில் இருக்கும் எங்கள் ஊர் தட்டோனிலிருந்து வந்து ஒரு வாரம் என்னோடு தங்கப் போகிறார். போனில் பார்த்தால் அந்த வாரம் முழுக்க 41, 42, 43 என்றே காட்டுகிறது. மழை என்ற பேச்சே இல்லை. பிற்பகலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதம்.

எங்கள் ஊரில் 34 டிகிரி வந்தாலே சட்டை பிழியலாம். இங்கே 41-லும் சட்டை காய்ந்தே இருக்கிறது. கூட வேலை செய்பவர்கள் "இது உலர்ந்த வெயில், உடம்பை ஒன்றும் செய்யாது" என்கிறார்கள். ஆனால் சாயங்காலம் ஆனால் எனக்குத் தலைவலி வருகிறது.

வாடகைக்கு இருப்பது மாடி. மேலே தகரக் கூரை, மேற்கில் செங்கல் சுவர். ஏசி இல்லை, ஒரு ஃபேன்தான். கரண்டும் முறை வைத்துத்தான் வருகிறது. அம்மாவுக்கு 67 வயது. பிரஷர் மாத்திரையோடு காலையில் ஒரு நீர் மாத்திரையும் சாப்பிடுகிறார். மாரியம்மன் கோயிலுக்குப் போக வேண்டும், ஊ பெயின் பாலம் பார்க்க வேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். வரச் சொல்லலாமா, இல்லை மழை விழுந்த பிறகு வரச் சொல்வதா? மலைமேல் இருக்கும் மேமியோவுக்கு அழைத்துப் போய்விட்டால் தேவலையா?

மாண்டலே அக்கா:

தம்பி, அம்மா வரட்டும். நான் பிறந்து வளர்ந்தது இங்கேதான், அரண்மனை அகழிக்குத் தெற்கே எங்கள் வீடு. வயதானவர்களை வைத்துக்கொண்டுதான் எல்லாக் கோடையையும் கடக்கிறோம். ஆனால் தட்டோன் பழக்கத்தை அப்படியே இங்கே கொண்டுவந்தால் ஆகாது.

உங்கள் தலைவலிக்குக் காரணம் அந்தக் காய்ந்த சட்டைதான். வியர்வை வராமல் இல்லை. வந்த வேகத்தில் காற்று குடித்துவிடுகிறது. கீழ் பர்மாக்காரர்கள் சட்டை நனைந்தால்தான் தண்ணீரைத் தேடுவீர்கள், இங்கே நனையவே நனையாது. தாகத்துக்காகக் காத்திருக்காமல் மணி பார்த்துக் குடியுங்கள். சிறுநீர் மஞ்சளாகப் போனால் குடித்தது போதவில்லை என்று அர்த்தம். அம்மாவிடம் இதைக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். என் மாமியாரிடம் நான் தினமும் கேட்பேன்.

இப்போது வீடு. விடியற்காலை நாலரைக்கு எல்லா ஜன்னலையும் திறந்துவிடுங்கள். எட்டரை மணிக்கு மேல் ஒன்றுகூடத் திறந்திருக்கக் கூடாது. புழுங்குகிறதே என்று பகலில் திறந்தால் உள்ளே வருவது அனல்தான். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாகச் சாக்கோ மூங்கில் தட்டியோ கட்டுங்கள். உள்ளே கட்டும் திரைக்குப் பலன் குறைவு, கண்ணாடியும் சுவரும் அதற்குள் சூடேறிவிடும்.

தகரக் கூரைக்குக் கீழே பிற்பகல் ஒரு மணியிலிருந்து ஆறு மணி வரை ஆள் இருக்கவே கூடாது, அதிலும் 67 வயதுக்காரர். கீழ் வீட்டுக்காரரிடம் இன்றைக்கே பேசுங்கள். ஒரு பாய் விரிக்க இடம் கொடுத்தால் போதும். இங்கே யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். பர்மியர் வீட்டு வாசலில் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் தண்ணீர்ப் பானை வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். புண்ணியம் என்று தினமும் கழுவி நிரப்பும் மனிதர்கள், ஒரு பெரியவருக்கு நிழல் கொடுக்காமலா இருப்பார்கள்?

ராத்திரிதான் உண்மையில் கஷ்டம். செங்கல் சுவர் பகலெல்லாம் வாங்கிய சூட்டை நடுராத்திரி வரை விடாது. பொழுது சாய்ந்ததும் மேற்குச் சுவரிலும் தகரத்திலும் தண்ணீர் அடியுங்கள். தலையைச் சுவர்ப் பக்கம் வைத்துப் படுக்காதீர்கள். எங்கள் தெருவில் புளியமரத்தடியில் மூங்கில் கட்டில் போட்டு, கொசுவலை கட்டித் தூங்குவோம். நிலநடுக்கம் வந்த 2025 மார்ச் மாதம் ஊரே தெருவில் படுத்தது. அந்தப் பயம் இன்னும் சிலருக்குப் போகவில்லை. அம்மாவுக்கு வெளியில் படுக்கத் தயக்கம் இருந்தால் வற்புறுத்த வேண்டாம்.

மண்பானை இரண்டு வாங்குங்கள். வெளிப்பூச்சு இல்லாத பானையாக இருக்கட்டும். அடுக்களை மூலையில் வைத்தால் குளிராது, காற்றோட்டமான நிழலில் வைக்க வேண்டும். உங்கள் ஊரில் மண்பானைத் தண்ணீர் ஓரளவுதான் குளிரும். இங்கே பல் கூசும்.

சாப்பாட்டில் மதியம் எண்ணெய்ப் பலகாரமும் கறியும் வேண்டாம். காலையில் பழைய சோறு, மோர், வெங்காயம். மோன் இனத்தார் வீடுகளில் திஞ்ஞான் புத்தாண்டுக்குச் செய்யும் தண்ணீர்ச் சோறு உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் இருக்காது. கருவாட்டுப் பொடியும் மாங்காயும் வைத்து அதையே மதியத்துக்கும் கொடுங்கள். அவர் பிறந்த பக்கத்துச் சாப்பாடு, அலுக்காமல் இறங்கும்.

கோயிலுக்கு ஏழு மணிக்குள் போய்விட்டு வந்துவிடுங்கள். செருப்பைக் கழற்றி வெளிப் பிராகாரத்தில் நடக்க வேண்டும். பத்து மணிக்கு அந்தத் தரை கொப்புளம் போட்டுவிடும். சர்க்கரை இருந்து கால் மரத்துப் போனவர்களுக்குச் சுடுவதே தெரியாது. அம்மாவுக்கு அது இல்லாவிட்டாலும் ஒரு ஈரத்துண்டு கையில் இருக்கட்டும்.

ஊ பெயின் பாலத்துக்கு எல்லோரும் சூரியன் மறைவதைப் பார்க்கத்தான் போவார்கள். நீங்கள் விடியலுக்குப் போங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், தேக்குப் பலகை, நிழல் கம்மி. சாயங்காலம் ஐந்தரைக்கும் அங்கே அனல் அடங்காது. இந்த மாதங்களில் தௌங்தமன் ஏரி வற்றி, பாலத்துக்குக் கீழேயே பயிர் வைத்திருப்பார்கள். விடிகாலையில் அவர்கள் வேலை செய்வதைப் பார்ப்பது அம்மாவுக்குப் பிடிக்கும்.

சவுக் பக்கத்து விவசாயி:

அக்கா சொன்னதில் ஒன்றைக் கூட்டிச் சொல்கிறேன். ஃபேனை நம்ப வேண்டாம். அறைக்குள் 40-ஐத் தாண்டிவிட்டால் அது உடம்பைவிடச் சூடான காற்றை உடம்பின் மேல் அடிக்கிறது. தோல் ஈரமாக இருந்தால் மட்டும்தான் உதவி. கழுத்து, கை, பாதம் மூன்றையும் நனைத்துக்கொண்டு பிறகு ஃபேனைப் போடுங்கள். கரண்ட் இல்லாத நேரத்தில் ஈரத்துணியும் பனை விசிறியும் போதும்.

"உலர்ந்த வெயில் ஒன்றும் செய்யாது" என்ற பேச்சில் பாதிதான் உண்மை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணி சுற்றிக் காற்றில் பிடித்தால், 42 டிகிரியும் 20 சதவீத ஈரமும் உள்ள இடத்தில் சுமார் 24 காட்டும். தட்டோனில் 34 டிகிரியும் 70 சதவீதமும் என்றால் 29 காட்டும். அதாவது உடம்பில் ஈரம் இருக்கும்வரை இங்கே குளிர்வது உங்கள் ஊரைவிட எளிது. அந்த ஈரத்தைக் கொடுப்பது நீங்கள் குடித்த தண்ணீர். அது தீர்ந்துவிட்டால் 42 அப்படியே உடம்பில் இறங்கும். வயலில் திடகாத்திரமான ஆட்களே இப்படி விழுந்திருக்கிறார்கள். விழுவதற்கு முந்தின நிமிஷம் வரை நன்றாகத்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். அதனால்தான் இந்தப் பேச்சைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது.

ஒரே நாட்டில் இவ்வளவு வித்தியாசம் ஏன் என்றால், தென்மேற்குப் பருவக்காற்று கொண்டுவரும் மழையை அரக்கான் மலைத்தொடர் தன் மேற்குப் பக்கத்திலேயே இறக்கிக்கொள்கிறது. மலையைத் தாண்டி வரும்போது காற்றில் சரக்கு இல்லை. உங்கள் பக்கத்து மோல்மேனில் ஆண்டுக்கு 4,800 மில்லிமீட்டர் அளவுக்குக் கொட்டுகிறது. நடுப்பகுதியில் எங்களுக்கு ஆயிரத்தைத் தொட்டாலே பெரிது. 2024 ஏப்ரல் 28 அன்று எங்கள் சவுக்கில் 48.2 டிகிரி. அளக்கத் தொடங்கிய 56 ஆண்டுகளில் நாட்டின் ஏப்ரல் மாதத்துக்கு அதுதான் உச்சம். அன்றைக்கு மாண்டலேயில் 44. அந்த வாரம் மாடுகளைப் பத்து மணிக்கே கட்டிவிட்டோம். பனையேறிகள் மாத்திரம் விடியலில் ஏறி இறங்கினார்கள்.

பனை என்றதும் ஞாபகம் வந்தது, இப்போது பதநீர் காலம். காலையில் இறக்கியதை அன்று காலையிலேயே வாங்கிக் கொடுங்கள். மதியத்துக்குள் புளித்துக் கள்ளாகிவிடும். வெயில் நாளில் பெரியவர்களுக்குக் கள் ஆகாது. நுங்கு கிடைத்தால் இன்னும் நல்லது.

மருந்துக்கடையில் இருப்பவள்:

அண்ணா, நீர் மாத்திரையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். அது உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் வெளியேற்றுவதற்கான மாத்திரை. வெயில் வாரத்தில் வியர்வையும் அதே வேலையைச் செய்யும். இரண்டும் சேர்ந்தால் பிரஷர் கீழே போய், எழுந்து நிற்கும்போது தலை சுற்றும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்தக் கூடாது. அம்மா புறப்படுவதற்கு முன்பே தட்டோனில் அவரைப் பார்க்கும் டாக்டரிடம், "மாண்டலேக்குப் போகிறேன், 42 டிகிரி, அளவை மாற்ற வேண்டுமா? ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். இருதயக் கோளாறுக்காக அந்த மாத்திரை என்றால், நிறையக் குடி என்று பொதுவாகச் சொல்வதும் சரியில்லை. இங்கே வந்ததும் காலையும் மாலையும் பிரஷர் பாருங்கள்.

வயதானால் தாகம் மழுங்கும். "எனக்குத் தாகமே இல்லை" என்று அம்மா சொன்னால் அதை நம்பி விட்டுவிடாதீர்கள்.

உப்பு சர்க்கரைத் தண்ணீரை நாள் முழுக்கக் கொடுக்க வேண்டாம், பிரஷர்காரர். வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால் மட்டும் ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு தட்டைத் தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கடைப் பொட்டலம் கிடைத்தால் அதுவே நல்லது.

பேச்சு குழறினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடம்பு நெருப்பாகக் கொதித்தாலோ அது மயக்கம் என்று நினைத்துப் படுக்க வைக்காதீர்கள். உடம்பின் உள்சூடு 40-ஐத் தாண்டியிருக்கும். முதலில் நிழலுக்குக் கொண்டுபோய், உடுப்போடு தண்ணீரை ஊற்றி, விசிறிக்கொண்டே வண்டியை வரச் சொல்லுங்கள். நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தட்டோன்காரன்:

மூவருக்கும் மிக்க நன்றி. கீழ் வீட்டுப் பாட்டியிடம் பேசிவிட்டேன். மதியம் தன் அறையிலேயே படுக்கட்டும் என்று சொல்லிவிட்டார், துணைக்கு ஆள் கிடைத்ததில் அவருக்கும் சந்தோஷம். டாக்டரைப் பார்க்க அம்மா நாளைக்குப் போகிறார். மேமியோ பற்றி மட்டும் யாராவது சொல்லுங்கள்.

மாண்டலே அக்கா:

மேமியோ ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரத்தில் இருக்கிறது, ஏழெட்டு டிகிரி நிச்சயம் குறையும். ஆனால் ஒரே நாளில் போய்த் திரும்பாதீர்கள். வளைவுப் பாதையில் நண்பகலில் சூடான வண்டிக்குள் உட்கார்ந்திருப்பது வீட்டில் இருப்பதைவிட மோசம். போனால் விடியலில் புறப்பட்டு, இரண்டு ராத்திரி தங்கி, மறுபடியும் விடியலில் இறங்குங்கள். வாரத்தின் நடுவில் வைத்துக்கொண்டால் அம்மாவுக்கு நல்ல ஓய்வு கிடைக்கும்.

அப்புறம், முகத்தில் அரைத்துப் பூசும் தனாக்கா கட்டையைத் தட்டோனிலிருந்து கொண்டுவர வேண்டாம் என்று சொல்லுங்கள். ஷ்வேபோ கட்டை இங்கே சந்தையில் நன்றாகக் கிடைக்கும், அரைக்கும் கல் என்னிடம் இருக்கிறது. குடையை மட்டும் மறக்காமல் கொண்டுவரட்டும். கறுப்பாக, பெரியதாக.