பான்வில் டி120: ஐடிலில் (த்ராட்டில் மூடி எஞ்சின் மெதுவா ஓடும்போது) ஒரு சிலிண்டர் மட்டும்

கேள்வி: 1969 ட்ரையம்ப் பைக், இரட்டை அமால் கான்சென்ட்ரிக் 930 கார்புரேட்டர். ஐடிலில் வலது சிலிண்டர் படுத்துடுது, த்ராட்டில் திறந்தா சரியாயிடுது. ரெண்டு கார்புரேட்டரும் ஒரே அளவு திறக்காத பேலன்ஸ் பிரச்சினையா?

பதில் 1: முதல்ல இக்னிஷன் டைமிங், வால்வு கேப் (குளிர்ந்த நிலையில் இன்லெட் 0.002, எக்ஸாஸ்ட் 0.004 அங்குலம்) பாருங்க. அப்புறம் ஐடில் ஸ்க்ரூ ரெண்டையும் தளர்த்தி, ஸ்லைடுகளுக்கு (த்ராட்டில் கேபிள் தூக்குற வால்வு) அடியில் ஆளுக்கொரு ஒரே அளவு டிரில் பிட் வைங்க. த்ராட்டில் கிரிப்பை மெதுவா திருகினா ரெண்டு பிட்டும் ஒரே நொடியில் விழணும். பிந்தி விழுற பக்கம் கேபிள் தளர்வு. அந்தக் கேபிள் அட்ஜஸ்டரை வெளியே திருகுங்க. கேபிள்ல கொஞ்சம் ஃப்ரீ ப்ளே (தளர்வு) கட்டாயம்.

பதில் 2: ஐடிலில் மட்டும்னா எனக்கு பைலட் ஜெட் (ஐடிலுக்குப் பெட்ரோல் விடுற சின்ன துளை) அடைப்புன்னுதான் படுது. அது ஏர் ஸ்க்ரூவுக்கு (ஐடில் காற்றின் அளவை மாத்துறது) பின்னாடி உள்ளே. வெறும் காற்று போதாது, 0.016 அங்குல பிட்டைக் கையால் நுழைச்சு சுத்தம் பண்ணுங்க. ஏர் ஸ்க்ரூவை முழுசா மூடிட்டு ஒன்றரைச் சுற்று திறங்க. கார்புரேட்டரை எஞ்சினோட இணைக்கிற ஃப்ளாஞ்சை அதிகமா முறுக்கினா வளையும், ஓ-ரிங்ல காற்று கசியும்.

பதில் 3: கடைசியா ஒரு ப்ளக் வயரைக் கழற்றி எர்த் பண்ணி (எஞ்சின் உலோகத்தோட தொடவச்சு), ஒவ்வொரு சிலிண்டரையும் தனியா ஐடில் பிடிங்க. எர்த் பண்ணாம விட்டா இக்னிஷன் காயில் கெட்டுப்போகலாம்.