10 வருடம் உறைந்த சீரத்தில் எல்டிஎல் அளவை நம்பலாமா?

வணக்கம். மைனஸ் 80 டிகிரியில் 10 வருடமாக இருக்கும் சீரம் (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) மாதிரிகளில் கொழுப்பு அளவுகளை மறுபடி பார்க்கப் போகிறேன். மொத்தக் கொலஸ்ட்ரால் உறைநிலையை ஓரளவு தாங்கும், அதில் கவலையில்லை. பயமெல்லாம் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரால்) மேல்தான். உறையும்போது, கொலஸ்ட்ராலைச் சுமக்கும் லிப்போபுரோட்டீன் துகள்களின் அமைப்பு குலையலாம். அதனால் நேரடி முறையில் அளந்தால் எண் தவறிப்போகலாம். சரி, கணக்கிட்டு எடுக்கலாமென்றால், ஃப்ரீடுவால்ட் சூத்திரத்தில் (மற்ற கொழுப்பு அளவுகளிலிருந்து எல்டிஎல்லைக் கணக்கிடுவது) ட்ரைகிளிசரைடு என்ற கொழுப்பை அளப்பதில் வரும் பிழையும் சேர்ந்து வரும். ட்ரைகிளிசரைடு 400 மி.கி./டெ.லி. தாண்டினால் சூத்திரமே உதவாது.

அப்புறம், சில குழாய்கள் ஏற்கெனவே இருமுறை உருகி உறைந்தவை (யார் செய்தது என்று கேட்காதீர்கள்!). அவற்றை விலக்கிவிடுவதா, தனியாகப் பார்ப்பதா? மாதிரி எடுத்த அன்றைய அளவுகள் கையில் உள்ளன. இப்படி ஒப்பிட்டுத் திருத்தியவர்கள் இருந்தால் எப்படிச் செய்தீர்கள் என்று சொல்லுங்களேன்.