கீசரில் சத்தம், ஆர்சிசிபி விழுகிறது

கேள்வி: 15 லிட்டர், 2000 வாட் கீசர். போர் தண்ணீர். சில மாதமாக உள்ளே கடலை வறுக்கிற மாதிரி சத்தம். இப்போது சுவிட்ச் போட்ட கொஞ்ச நேரத்தில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் லைனைத் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) விழுகிறது. எலிமென்ட்டா, தெர்மோஸ்டாட்டா?

பதில் 1: பெரும்பாலும் எலிமென்ட்தான் சார். உப்பு படிந்தால் சூடு தண்ணீருக்குப் போகாமல் எலிமென்ட்டிலேயே தேங்கும். மேலுறை வெடித்து, உள்ளே ஈரம் இறங்கி, மின்சாரம் எர்த்துக்குக் கசியும். கீசர் லைனின் எம்சிபியை (மெயின் போர்டில் உள்ள சுவிட்ச்) அணைத்து, கரண்ட் இல்லை என்று டெஸ்டரில் பார்த்துவிட்டு, எலிமென்ட் ஒயர்களைக் கழற்றுங்கள். மல்டிமீட்டரில் இரு முனைக்கும் நடுவில் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும். முனைக்கும் பாடிக்கும் இடையே எதுவுமே காட்டக்கூடாது. லேசான கசிவு மல்டிமீட்டரில் தெரியாது, 500 வோல்ட் மெக்கர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) தேவை. தயவுசெய்து ஆர்சிசிபியை பைபாஸ் செய்யாதீர்கள், உயிர் போகிற விஷயம்.

பதில் 2: கழற்றும்போது மெக்னீசியம் ஆனோடு ராடையும் (டேங்குக்குப் பதிலாகத் தான் அரிந்துபோகும் கம்பி) பாருங்கள். சுண்ணாம்புக் குச்சி போல அரித்து, பாதிக்கு மேல் கரைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் அடுத்து டேங்க்தான் அரிக்கும். எலிமென்ட் நல்லதாக இருந்தால் ஒரு லிட்டர் வெந்நீரில் 50 கிராம் சிட்ரிக் ஆசிட் கரைத்து, முனைகள் நனையாமல் 2 மணி நேரம் ஊறவையுங்கள். பாத்ரூம் ஆசிட் வேண்டாம், செம்பையே தின்றுவிடும். கேஸ்கெட் புதிதாகப் போடுங்கள்.

பதில் 3: மாட்டியதும் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று அடங்கித் தண்ணீர் சீராக வந்த பிறகே சுவிட்ச் போடுங்கள். காலி டேங்கில் போட்டால் புது எலிமென்ட்டும் உடனே போகும்.