புதுப்பிப்பு: லினக்ஸில் பழுதான பாக்கெட்டுகளை லாக் செய்வது (தீர்ந்தது)

பதில் தந்த எல்லோருக்கும் நன்றி. கேள்வி இதுதான்: நெட்வொர்க்கில் வரும் கோளாறான பாக்கெட்டுகள் (தரவுத் துண்டுகள்) லாக்கில் பதிவாக வேண்டும், ஆனால் அவை வெள்ளமாக வந்தால் லாக் டிஸ்க்கை நிரப்பக் கூடாது.

என்எஃப்டேபிள்ஸ் (லினக்ஸின் ஃபயர்வால்) விதியை இரண்டாகப் பிரிக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. முதல் விதி, கான்ட்ராக் (இணைப்புகளைக் கண்காணிக்கும் பகுதி) 'இன்வேலிட்' என்று குறித்தவற்றை நொடிக்கு 5 என்ற வரம்போடு லாக் மட்டும் செய்கிறது. அடுத்த விதி இன்வேலிட் அனைத்தையும் வரம்பில்லாமல் ட்ராப் செய்கிறது, அதாவது தூக்கி எறிகிறது. முன்பு லிமிட், லாக், ட்ராப் மூன்றும் ஒரே வரியில் இருந்தன. வரம்பைத் தாண்டியவை அந்த விதிக்குப் பொருந்தாமல் கீழே உள்ள விதிகளுக்கு நழுவின. அங்கே அவை உள்ளே விடப்படலாம் என்பதால், லாக் நிரம்புவதைவிட இது பெரிய ஆபத்து.

எதிர்பாராதது ஒன்று: ஐபி ஹெடர் செக்சம் (பாக்கெட்டின் தலைப்பகுதி சிதையவில்லை எனச் சரிபார்க்கும் எண்) தவறானவை லாக்கில் வரவே இல்லை. ப்ரீரவுட்டிங் ஹூக்குக்கு (உள்ளே வரும் பாக்கெட்டை ஃபயர்வால் விதிகள் பார்க்கும் ஒரு கட்டம்) முன்பே, லினக்ஸின் மையமான கர்னல் அவற்றைக் கழித்துவிடுகிறது. நெட்வொர்க் எண்ணிக்கைகளைக் காட்டும் என்ஸ்டாட் கட்டளையில் செக்சம் பிழை எண்ணிக்கை தெரியும். எதற்காக ட்ராப் ஆனது என்ற காரணமும் வேண்டுமென்றால், கர்னல் 5.17 முதல் கேஃப்ரீ_எஸ்கேபி ட்ரேஸ்பாயின்ட் (கர்னலுக்குள் நடப்பதைக் கவனிக்கும் புள்ளி) அதைச் சொல்கிறது.

இன்வேலிட் என்றாலே பழுது என்று கொள்ள வேண்டாம். டிசிபி விண்டோவுக்கு (இணைப்பு அப்போது ஏற்கும் வரிசை எண்களின் எல்லை) வெளியே தாமதமாக வந்த நல்ல பாக்கெட்டும் அதில் சேரும்.