ஓவர்ஃப்ளோ குழாயின் சத்தத்தை அடக்கிய அனுபவங்கள்

பகிர்வு 1: சென்னை

எங்கள் கூடத்தில் இருப்பது 120 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் கொண்ட நான்கடி மீன் தொட்டி. அதன் மூலையில், வழியும் நீரை வாங்கிக்கொள்ளும் கறுப்பு அக்ரிலிக்கால் ஆன ஓவர்ஃப்ளோ பெட்டியும், அந்தப் பெட்டிக்குள் அடிக்கண்ணாடியில் இரண்டு துளைகளும் உள்ளன. ஒரு துளை வழியாகத் தண்ணீர், கீழே கேபினட்டுக்குள் இருக்கும் சம்பு என்னும் துணைத் தொட்டிக்கு இறங்கும். மற்றொன்றின் வழியாக ரிட்டர்ன் பம்பு அதை மீண்டும் மேலே ஏற்றும். பகலில் மின்விசிறி ஓசையில் அவ்வளவாகத் தெரியாத சத்தம், ஊர் அடங்கிய பிறகு அடுத்த அறையில் படுத்திருக்கும் என் தாயாரின் தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் பெரிதாகக் கேட்டது.

பெட்டியருகே நின்று கவனித்தபோது, அது ஒரே சத்தம் அன்று, மூன்று சத்தங்கள் கலந்தது என்பது புரிந்தது. பெட்டியின் மேல்விளிம்பில் சீப்புப் போல வெட்டிய பற்களைத் தாண்டி விழும் நீர் சலசலத்தது. குழாயின் வாயில் காற்றும் நீரும் ஒன்றாக உறிஞ்சப்பட்டுக் குடகுடவென்றன. சம்பில் குழாய் முடியும் இடத்தில் குமிழிகள் பொங்கி வெடித்தன. மூன்றையும் பார்த்த பிறகு எனக்குத் தெளிவான செய்தி இதுதான்: நீர் மட்டும் ஓடும் குழாய் சத்தம் போடுவதில்லை, காற்றும் நீரும் ஒரே குழாயில் இடத்துக்குப் போட்டியிடும்போதுதான் சத்தம் பிறக்கிறது. ஆகவே குழாயைத் துணியால் சுற்றுவதோ, கேபினட்டுக்குள் தெர்மகோல் ஒட்டுவதோ நோயை விட்டுவிட்டு வலிக்கு மருந்து போடுவதாகும். குழாயின் வாயில் ஸ்பாஞ்சை அடைக்கும் யோசனையைச் சிலர் சொல்வார்கள். அதை எக்காரணம் கொண்டும் செய்யாதீர்கள். ஸ்பாஞ்சில் அழுக்கு சேர்ந்து அடைத்துக்கொண்டால், பம்பு ஏற்றும் நீர் முழுவதும் கூடத்துத் தரையில்தான் நிற்கும்.

நான் கையாண்டது, கடல்நீர்த் தொட்டி வளர்ப்பவர்கள் 'ஹெர்பி' என்று அழைக்கும் இரண்டு குழாய் முறை. ரிட்டர்ன் குழாயைத் தொட்டியின் பின்விளிம்புக்கு மேலாகத் திருப்பிவிட்டு, பெட்டிக்குள் இருந்த இரண்டு துளைகளையும் வடிகாலாகவே மாற்றினேன். முதல் குழாய் குட்டையானது. அதன் வாய் எப்போதும் நீருக்குள் நன்றாக மூழ்கியிருக்கும். கீழே கேபினட்டுக்குள் அதற்கு, பல சுற்றுத் திருகி ஓட்டத்தை மெல்ல மெல்லக் கூட்டிக் குறைக்கும் ஒரு கேட் வால்வு உண்டு. இரண்டாவது குழாய் நெட்டையானது. அதன் வாய் பெட்டியின் பற்களுக்குச் சற்றுக் கீழே நிற்கும். அதற்கு எந்த வால்வும் கிடையாது, இருக்கவும் கூடாது. முதல் குழாய் காற்றே புகாத முழு சைஃபனாக, அதாவது குழாய் நிறைய நீரே நிரம்பி, இறங்கும் நீரே மேலும் நீரை இழுக்கும்படி ஓடுகிறது. ஏதோ ஒரு காரணத்தால் அது அடைத்துக்கொண்டால், நீர்மட்டம் உயர்ந்து இரண்டாவது குழாய் முழுச் சுமையையும் ஏற்றுக்கொள்கிறது. ஒற்றைக் குழாய் மட்டும் உள்ள தொட்டியில் வால்வைத் திருகிச் சத்தத்தைக் குறைப்பது ஆபத்து என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், அங்கே இந்த இரண்டாவது வழி இல்லை என்பதுதான்.

வால்வைச் சரிசெய்வதற்குப் பொறுமை வேண்டும். முதலில் அதை முழுவதும் திறந்துவிட்டால், பெட்டிக்குள் நீர்மட்டம் விறுவிறுவென்று இறங்கி, குழாய் வாயில் ஒரு சிறு சுழல் தோன்றிக் காற்றை உறிஞ்சத் தொடங்கும். அந்த நிலையிலிருந்து கைப்பிடியைக் கால் சுற்று மூடிவிட்டு, சில நிமிடங்கள் காத்திருந்து மட்டத்தைப் பார்க்க வேண்டும். சுழல் மறையும், உறிஞ்சும் ஒலி நிற்கும், நீர்மட்டம் மெல்ல ஏறும். நெட்டைக் குழாயின் உட்சுவரை ஒட்டி மெல்லிய நீர்ப்படலம் ஒன்று வழியத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிடுங்கள். பம்பின் வேகத்தில் ஏற்படும் சிறிய ஏற்ற இறக்கங்களை அந்தப் படலமே சமன் செய்துகொள்ளும். சுவரை ஒட்டி வழிவதால் அது சத்தமும் எழுப்பாது. பெட்டிக்குள் மட்டம் இப்படி உயர்ந்து நிற்பதால், பற்களிலிருந்து நீர் விழும் உயரமும் மூன்று நான்கு செ.மீ.க்குள் சுருங்கி, அந்தச் சலசலப்பும் தானாகவே ஓய்ந்துவிடுகிறது.

பால் வால்வு இந்த வேலைக்குப் பொருந்தாது. கால் திருப்பத்தில் முழுவதும் திறந்து மூடும் அமைப்பு என்பதால், கை சற்று அசைந்தாலே ஓட்டம் பெரிதாக மாறிவிடும். ஹார்டுவேர் கடையில் கேட் வால்வு என்று கேட்டால் பெரும்பாலும் பித்தளையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். பித்தளையில் செம்பு இருக்கிறது. இறாலுக்கும் நத்தைக்கும் பவளத்துக்கும் செம்பு நஞ்சு. சற்றுத் தேடியாவது பி.வி.சி. கேட் வால்வே வாங்குங்கள்.

நம் ஊரில் மின்வெட்டையும் சேர்த்து யோசிக்காமல் எந்தத் தொட்டியையும் அமைக்க முடியாது. மின்சாரம் போனதும் தொட்டியின் நீர் பற்களின் மட்டம் வரை இறங்கும். அத்தோடு ரிட்டர்ன் குழாயின் முனை நீருக்குள் ஆழமாக இருந்தால், அதுவும் தலைகீழ் சைஃபனாகி நீரைக் கீழே இழுக்கும். என் தொட்டியில் ஒரு செ.மீ. மட்டம் என்பது 5.4 லிட்டர், ஐந்து செ.மீ. இறங்கினால் 27 லிட்டர். அந்த நீரைத் தாங்கும் வெற்றிடம் சம்பில் இருந்தே ஆக வேண்டும். மின்சாரம் திரும்பி வந்ததும் சைஃபன் ஆள் துணையின்றித் தானாகப் பிடித்துக்கொள்ளவும் வேண்டும். அதற்கு, வடிகாலின் கீழ்முனை சம்பு நீரில் இரண்டு மூன்று செ.மீ. மட்டுமே மூழ்கியிருக்க வேண்டும். ஆழமாக மூழ்கியிருந்தால், குழாய்க்குள் சிக்கிய காற்று அந்த நீரைத் தள்ளிக்கொண்டு வெளியேற முடியாமல் நின்றுவிடும். இப்போது மின்சாரம் வந்தவுடன் சிறிது நேரம் ஆரவாரமாகக் குமிழிகள் வெளியேறுகின்றன. பிறகு ஓட்டம் சீராகிவிடுகிறது. அம்மா அந்த அறையில் கதவைச் சாத்தாமலே தூங்குகிறார்.

பகிர்வு 2: மதுரை

மேலே எழுதிய ஐயா இரண்டு துளை உள்ள தொட்டியைப் பற்றி விளக்கமாகச் சொல்லிவிட்டார். என்னுடையது ஒரே துளை கொண்ட தாவரத் தொட்டி. செடிகளையும் மீன்களையும் வைத்த பிறகு இன்னொரு துளை போட வழியில்லை. என்னைப் போன்றவர்களுக்கு உதவுவது, ரிச்சர்ட் டர்சோ என்னும் அமெரிக்க மீன் வளர்ப்பாளரின் பெயரால் வழங்கும் 'டர்சோ' குழாய்.

இதன் அமைப்பு எளிது. நிமிர்ந்து நிற்கும் குழாயின் தலையில் 'டீ' என்னும் T வடிவ இணைப்பை வைத்து, அதன் பக்கவாயில் கீழ்நோக்கி வளைந்த எல்போ என்னும் வளைவு இணைப்பையும், மேல்வாயில் ஒரு மூடியையும் பொருத்த வேண்டும். எல்போவின் வாய் நீருக்குள் இருப்பதால் நீர் காற்றை இழுக்காமல் உள்ளே நுழைகிறது. குழாய்க்குத் தேவையான காற்று மூடியில் போட்ட சிறு துளை வழியாகத் தனியே வருகிறது. இங்கு சைஃபன் கிடையாது, வேண்டவும் வேண்டாம். குழாய் முழுவதும் நிரம்பாமல், நீர் சுவரை ஒட்டி இறங்க, நடுவில் காற்று நிற்க வேண்டும்.

இதன் சூட்சுமம் முழுவதும் அந்தக் காற்றுத் துளையில்தான் இருக்கிறது. துளை மிகச் சிறிதானால் குழாய் சைஃபனாக மாறி, பெட்டியில் உள்ள நீரையெல்லாம் ஒரே மூச்சில் உறிஞ்சிவிட்டுக் காற்றை விழுங்கி நிற்கும். பெட்டி மீண்டும் நிரம்பியதும் மறுபடியும் உறிஞ்சும். கழிப்பறையில் ஃபிளஷ் இழுப்பது போன்ற அந்த ஒலி சில நிமிடங்களுக்கு ஒருமுறை கேட்டால், காரணம் இதுதான். துளை பெரிதானால் காற்று சீறும் ஒலி எழும். நான் மூடியில் துளையிட்டு, ஏர் பம்பு குழாய்க்குப் போடும் சிறு பிளாஸ்டிக் வால்வைச் செருகி, அதைத் திருகித் திருகி நடுநிலையைக் கண்டுபிடித்தேன். முழுவதும் மட்டும் மூடிவிடாதீர்கள்.

ஒன்றை உள்ளபடி சொல்ல வேண்டும். டர்சோ குழாய் ஹெர்பி அளவுக்கு அமைதியாக இராது. காற்றும் சேர்ந்து இறங்குவதால் சம்பில் குமிழி இருக்கத்தான் செய்யும். குழாயின் கீழ்ப்பகுதியில், சம்பின் நீர்மட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று துளைகள் போட்டுவிட்டால் காற்று அங்கேயே பிரிந்து வெளியேறும், பொங்குவது வெகுவாகக் குறையும். பம்பின் வேகத்தையும் சற்றுக் குறைத்தேன். குழாயின் திறனுக்கு மேல் நீரை ஏற்றினால் எந்த அமைப்பும் குடகுடக்கத்தான் செய்யும்.

பகிர்வு 3: கோயம்புத்தூர்

இருவர் சொன்னதோடும் நான் முழுக்க உடன்படுகிறேன். இரண்டே செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

முதலாவது, நத்தை. எங்கள் தொட்டியில் அமைதியாக ஓடிக்கொண்டிருந்த சைஃபன் ஒருநாள் திடீரென்று நெட்டைக் குழாயில் சத்தமாகக் கொட்டத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தபோது, கால்வாசி மூடியிருந்த கேட் வால்வின் இடுக்கில் ஒரு நத்தை உட்கார்ந்திருந்தது. சைஃபன் குழாயின் வாயில் அகலக் கண்ணிகள் கொண்ட வலைத்தொப்பி ஒன்றைப் போட்டுவிட்டேன். அவசரத்துக்கென்று இருக்கும் அந்த நெட்டைக் குழாய் எழுப்பும் சத்தத்தை ஓர் எச்சரிக்கை மணியாகவே கருதுங்கள்; அது கேட்டால் வால்வைத் தொடுவதற்கு முன் அடைப்பைத் தேடுங்கள். வால்வையும் குழாயையும் யூனியன் (திருகிக் கழற்றக்கூடிய இணைப்பு) வைத்து இணைத்திருந்தால், கழற்றிக் கழுவ ஒரு நிமிடம் போதும். எல்லா மூட்டுகளிலும் சால்வென்ட் சிமென்ட் பூசி ஒட்டிவிட்டால் அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டாவது, படுக்கைவாட்டில் செல்லும் குழாய். சம்பு சற்றுத் தள்ளி இருக்கிறது என்பதற்காகக் குழாயைத் தரைக்கு இணையாக ஓடவிட்டால், அந்தப் பகுதியில் காற்று தேங்கி, அலை அலையாகப் பொங்கி வெளியேறும். 90 பாகை எல்போக்களைத் தவிர்த்து, 45 பாகை எல்போக்களால் எப்போதும் கீழ்நோக்கியே சரிந்து செல்லும்படி அமையுங்கள்.

புதிதாகத் தொட்டி செய்யக் கொடுப்பவர்கள், கண்ணாடி ஒட்டுவதற்கு முன்பே மூன்று துளைகளைக் கேளுங்கள். அவற்றில் ஒன்றை முழு சைஃபனுக்கும், ஒன்றைக் காற்றோடு ஓடும் குழாய்க்கும், ஒன்றை அவசரத்துக்கும் ஒதுக்கும் 'பீன்அனிமல்' முறையைத்தான் நான் மற்ற எல்லாவற்றையும்விட நம்புகிறேன். சைஃபன் அடைத்தால் நடுக்குழாயின் காற்றுவழி நீரில் மூழ்கி, அதுவே சைஃபனாக மாறிவிடும். அதுவும் போதாதபோது மூன்றாவது குழாய் காத்திருக்கிறது. டெம்பர்ட் (சூடாக்கிக் குளிர்வித்து உறுதியாக்கிய) கண்ணாடியில் துளையிட்டால் அது முழுவதும் நொறுங்கிவிடும் என்பதால், அடிக்கண்ணாடி எந்த வகை என்பதைக் கடைக்காரரிடம் முன்னதாகவே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.