நண்டு வலையில் வேறு என்னவெல்லாம் மாட்டியது?

தொண்டிக்காரன்:
சித்தப்பா நண்டு வலைக்குப் போகிறவர், லீவு விட்டால் நானும் அவருடைய வத்தைப் படகில் ஏறிக்கொள்வேன். பாக் விரிகுடா ஆழமில்லாத கடல், இரண்டு மூன்று பாகம் (ஒரு பாகம் ஏறக்குறைய ஆறடி) ஆழத்திலேயே தாழை என்கிற கடல்புல் மண்டிக் கிடக்கும், நண்டும் அங்கேதான். சாயங்காலம் தரையோடு படியும்படி வலையைப் போட்டுவிட்டு விடியுமுன் போய் எடுப்போம்.

ஒரு நாள் வலை தூக்க முடியாமல் கனத்தது. திருக்கை என்று நினைத்து இழுத்தால் பேராமை. தாழை மேய வந்திருக்கும். ஆமை தண்ணீருக்கு மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும், ராத்திரி முழுக்க வலை அடியில் பிடித்து வைத்திருந்தால் எங்கே வரும்? கழுத்திலும் முன்துடுப்பிலும் நைலான் இறுகிப்போய் செத்துக் கிடந்தது. சித்தப்பா ஒன்றும் பேசாமல் அறுத்துக் கடலில் விட்டார். அப்புறம் இன்னொரு தடவை உயிரோடு ஒன்று வந்தது, அதற்கும் அறுக்கத்தான் வேண்டியிருந்தது, வலையில் ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை. "போகட்டும்டா" என்றார், ஆனால் அன்று சாயங்காலம் முழுக்க முனகிக்கொண்டேதான் வலை பின்னினார். கடலில் அக்கறை இல்லாதவன் மீனவன் என்று பேசுகிறவர்கள் அந்த முனகலை ஒரு தடவை கேட்டிருக்க வேண்டும்.

2022-இல் தஞ்சாவூர், புதுக்கோட்டை கடலில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுவுக்கென்று ஒதுக்கினார்களே, அந்த ஆவுளியா எங்கள் வலையில் இதுவரை வரவில்லை. வராமலே இருக்கட்டும்.

வலை கழிக்கிறவள்:
தம்பி, ஆமை பெரிது, அதனால் கடலிலேயே தெரிந்துவிடுகிறது. சின்ன உயிர்கள் கதையைக் கரையில் கேளுங்கள். நண்டை வத்தையில் வைத்துப் பிரிக்க நேரமில்லை என்று வலையை அப்படியே சுருட்டிக் கொண்டுவந்து கொட்டுவார்கள், நாங்கள் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து சிக்கியதையெல்லாம் பிரித்தெடுத்துக் கழிப்போம். கடைசி வலைக்கு வருவதற்குள் வெயில் ஏறிவிடும். கடலில் உயிரோடு இருந்தது பாதி இங்கேதான் சாகிறது. என்னைக் கேட்டால், கழிக்கிற இடத்தை மாற்றாமல் வேறு என்ன சட்டம் போட்டும் பிரயோசனமில்லை.

கடல்குதிரை வாலால் வலைக்கண்ணைச் சுற்றிப் பிடித்துக்கொள்ளும், பிய்த்தால் வால் அறுந்துவிடும், மெதுவாகத்தான் கழற்ற வேண்டும். வயிறு உப்பியிருந்தால் அது ஆண், குட்டி அதன் பையில்தான் இருக்கும். நான் பக்கத்தில் ஒரு வாளிக் கடல்தண்ணீர் வைத்துக்கொள்வேன். கடல் அட்டை வந்தால் இன்னும் பயம், 2001-இலிருந்து அதற்குத் தடை, கையில் வைத்திருந்தாலே கேஸ். தானாக வந்து மாட்டியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? பையனைக் கூப்பிட்டு இடுப்பளவுத் தண்ணீர் வரை போய் விட்டுவிட்டு வரச் சொல்வேன்.

முள்ளுச் சங்கைப் பற்றிச் சொல்ல எனக்கே வெட்கம். முள்ளெல்லாம் நூலில் சிக்கி வரவே வராது, கட்டையால் ஒரே அடி, நொறுக்கிக் கொட்டிவிடுவோம். நாள் முடிந்தால் காலடியில் குவியலாகக் கிடக்கும்.

மன்னார்:
நீங்கள் பயந்து திருப்பி விடுகிற கடல் அட்டையை இங்கே இலங்கைப் பக்கம் அனுமதிப்பத்திரம் எடுத்து முக்குளித்துப் பிடிக்கிறார்கள், கரையோரம் பண்ணையே போட்டிருக்கிறார்கள். எங்களுக்குக் கவலை சினை நண்டு. முட்டை மஞ்சளாக இருந்தால் இளசு, கறுத்துவிட்டால் பொரிக்கப் போகிறது. கறுத்ததையாவது விடுங்கோ என்று அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன், "நான் விட்டால் அடுத்த வலைக்காரன் விடுவானோ?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை.

தொண்டிக்காரன்:
சித்தப்பாவும் இதையேதான் சொல்வார் அண்ணே. அக்கா, அந்த வாளி யோசனையை வத்தையிலேயே செய்து பார்க்கிறேன். நண்டைக் கரையில் கழித்துக்கொள்ளலாம், வலை ஏறும்போதே கண்ணில் படுகிற குதிரையை மட்டும் அங்கேயே கழற்றிவிடலாம். சித்தப்பா திட்டுவார், பரவாயில்லை.